ஃபீட் பம்ப் – டிராக்டரின் சின்ன இதயம்

(அறிவியல் பகுதி. எழுதியவர்: ஒன்பதாம் வகுப்பு மாணவி)



சுவர் இதழின் அறிவியல் பகுதிக்கு ராக்கெட், செயற்கைக்கோள் பற்றி எழுதலாமே என்று தோழிகள் சொன்னார்கள். ராக்கெட்டை நான் நேரில் பார்த்ததில்லை. எங்கள் வீட்டு டிராக்டரைத் தினமும் பார்க்கிறேன். அது என்னை விட வயதில் மூத்தது. அதில் ஒரு சின்ன பாகம் கெட்டுப்போனதால் எங்கள் வீட்டில் நான்கு நாள் சரியாகச் சாப்பாடு இறங்கவில்லை. அந்தப் பாகம் என்ன, அது எப்படி வேலை செய்கிறது, கெட்டால் எப்படிக் கண்டுபிடிப்பது, எப்படி மாற்றுவது என்பதைத்தான் இந்தக் கட்டுரையில் எழுதியிருக்கிறேன். நம் பள்ளியில் நிறைய பேர் வீட்டில் டிராக்டர் இருக்கிறது. இல்லாதவர்கள் வயலுக்கும் டிராக்டர்தான் வருகிறது. அதனால் எல்லாருக்கும் பயன்படும் என்று நம்புகிறேன்.

நடந்தது என்ன?

சம்பாவுக்குச் சேற்றுழவு நடந்துகொண்டிருந்த நேரம். வாய்க்காலில் முறைத் தண்ணீர். நம்ம பக்கம் தண்ணீர் இருக்கும்போதே உழுது முடிக்க வேண்டும். அப்பா ஆறு பேர் வயலுக்கு வருகிறேன் என்று ஒத்துக்கொண்டிருந்தார்கள். கேஜ் வீல் மாட்டி இரண்டாவது வயலில் இறங்கியதும் டிராக்டர் இழுக்க முடியாமல் திணறி நின்றுவிட்டது. கொஞ்ச நேரம் விட்டு ஸ்டார்ட் பண்ணினால் ஓடுது. நாலு சுத்து போனால் மறுபடியும் நிக்குது. ரோட்டில் சும்மா ஓட்டினால் ஒண்ணும் இல்லை. சேற்றில் இறங்கினால்தான் நிக்குது.

"ஏர் பிடிச்சிருச்சு" என்று சொல்லி அப்பா ஏர் எடுத்தார்கள். அரை மணி நேரம் ஓடியது. மறுபடியும் நின்றது. டவுனில் ஒரு மெக்கானிக் வந்து பார்த்துவிட்டு, "பெரிய பம்பைக் கழட்டி பம்ப் கடைக்குக் கொண்டு போகணும், பதினாலாயிரம் ஆகும், நாலு நாள் ஆகும்" என்றார். பதினாலாயிரத்துக்கு அம்மா காதில் கிடப்பதைத்தான் கழட்ட வேண்டும். அதை விட, நாலு நாளில் தண்ணீர் முறை மாறிவிடும். வயல்காரர்கள் வேறு வண்டியைக் கூப்பிட்டுவிடுவார்கள்.

அப்போது எங்கள் மாமா (அம்மாவின் தம்பி) ஊருக்கு வந்தார்கள். மாமா பதினெட்டு வருஷமாக டிராக்டர் வேலை பார்க்கிறார்கள். வந்ததும் ஸ்பானரை எடுக்கவில்லை. முதலில் கேள்விதான் கேட்டார்கள்.

"டேங்க் நிறைய இருக்கும்போது எப்படி ஓடுது? பாதிக்குக் கீழ போனா எப்படி ஓடுது?"

"நிறைய இருந்தா கொஞ்சம் தேவலாம்" என்றார்கள் அப்பா.

"தினம் ஆயில் பாக்குறது யாரு?"

"நான்தான் மாமா" என்றேன். காலையில் பள்ளிக்கு வருவதற்கு முன்னால் ரேடியேட்டர் தண்ணீர், இன்ஜின் ஆயில் பார்ப்பது என் வேலை.

"எவ்வளவு குறைஞ்சிருக்கு பாப்பா?"

நான் பெருமையாகச் சொன்னேன்: "பத்து நாளா ஆயிலே குறையல மாமா. மேல் கோட்டுக்கும் மேலதான் இருக்கு."

மாமா சிரிக்கவில்லை. கேஜ் கம்பியை உருவி, விரலில் தொட்டு முகர்ந்து பார்த்தார்கள். என் மூக்குக்கிட்டயும் நீட்டினார்கள். டீசல் வாடை! ஆயில் தண்ணி மாதிரி வழிந்தது. "இன்னும் நாலு நாள் ஓட்டியிருந்தா இன்ஜினே போயிருக்கும்" என்றார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது. ஆயில் குறைந்தால்தான் தப்பு, கூடினால் நல்லது என்று நான் நினைத்திருந்தேன். யாருமே ஊற்றாத ஆயில் எப்படிக் கூடும் என்று ஒரு தடவை கூட யோசிக்கவில்லை.

டீசல் போகும் பாதை

முதலில் பாதையைத் தெரிந்துகொள்வோம். பழைய டிராக்டரில் டீசல் இப்படிப் போகும்:

டேங்க் → டேப் → ஃபீட் பம்ப் → முதல் ஃபில்டர் → இரண்டாவது ஃபில்டர் → எஃப்.ஐ. பம்ப் → இரும்புக் குழாய்கள் → நாசில் → இன்ஜின்.

இதில் பம்ப் இரண்டு இருப்பதைக் கவனியுங்கள். எஃப்.ஐ. பம்பைத்தான் மெக்கானிக் கடையில் 'பெரிய பம்ப்' என்கிறார்கள். டீசல் இன்ஜினில் பெட்ரோல் வண்டி போல ஸ்பார்க் பிளக் கிடையாது. உள்ளே வந்த காற்றைப் பிஸ்டன் சுமார் பதினாறில் ஒரு பங்காக அமுக்கும். அமுக்கிய காற்று 500 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாகும். அதில் டீசலைப் பனி போலத் தெளித்தால் தானாகவே பற்றிக்கொள்ளும். அந்த அமுக்கத்தை எதிர்த்துத் தெளிப்பதற்குச் சதுர சென்டிமீட்டருக்கு 170 கிலோவுக்கு மேல் அழுத்தம் வேண்டும். அதைக் கொடுப்பது பெரிய பம்ப்.

ஃபீட் பம்ப் அதற்கு எடுபிடி மாதிரி. டேங்கிலிருந்து டீசலை இழுத்து, ஃபில்டர் வழியாகத் தள்ளி, பெரிய பம்பின் வாயில் கொண்டு போய்க் கொடுக்கும். அதன் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ கூட இல்லை. ஆனால் எடுபிடி ஆள் வரவில்லை என்றால் மேஸ்திரி என்ன செய்ய முடியும்? பெரிய பம்ப் நன்றாக இருந்தும் டீசல் கிடைக்காமல் நிற்கும். பார்ப்பவர்கள் பெரிய பம்ப் கெட்டது என்று நினைப்பார்கள்.

ஃபீட் பம்ப் எப்படி வேலை செய்கிறது?

நாம் மூச்சு விடுவதைப் பாடத்தில் படித்திருக்கிறோம். உதரவிதானம் கீழே இறங்கும்போது மார்புக்குள் இடம் கூடுகிறது, அழுத்தம் குறைகிறது, வெளிக்காற்று உள்ளே வருகிறது. உதரவிதானத்துக்கு ஆங்கிலத்தில் டயாபிரம் என்று பெயர். ஃபீட் பம்புக்குள் இருப்பதற்கும் அதே பெயர்தான், டயாபிரம்! ரப்பர் பூசிய துணியால் ஆன வட்டமான தகடு அது.

1. இன்ஜினுக்குள் கேம் ஷாஃப்ட் சுற்றும். அதில் ஒரு இடம் மையம் விலகிப் புடைத்திருக்கும்.

2. அந்தப் புடைப்பு, பம்பிலிருந்து உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும் நெம்புகோலைத் தள்ளும். நெம்புகோல் டயாபிரத்தைக் கீழே இழுக்கும். கீழே இருக்கும் ஸ்பிரிங் அமுங்கும்.

3. டயாபிரத்துக்கு மேலே அழுத்தம் குறையும். உள்வால்வு திறந்து டீசல் உள்ளே வரும். (பம்ப் 'உறிஞ்சுகிறது' என்று சொல்கிறோம். உண்மையில் டேங்கில் இருக்கும் டீசலை வெளிக்காற்றின் அழுத்தம்தான் தள்ளிவிடுகிறது. பாய்மங்கள் பாடத்தை நினைத்துக்கொள்ளுங்கள்.)

4. புடைப்பு விலகியதும் ஸ்பிரிங் டயாபிரத்தை மேலே தள்ளும். உள்வால்வு மூடும், வெளிவால்வு திறக்கும், டீசல் ஃபில்டருக்குப் போகும்.

நம் இதயத்தில் வால்வுகள் ரத்தத்தைப் பின்னால் போகவிடாது. இங்கேயும் அப்படித்தான். அதனால்தான் சின்ன இதயம் என்று தலைப்பு வைத்தேன்.

இதில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று. டீசலைத் தள்ளுவது இன்ஜின் அல்ல, ஸ்பிரிங். ஃபில்டரில் டீசல் நிறைந்து மேலே போக இடம் இல்லை என்றால், டயாபிரம் கீழேயே நிற்கும். நெம்புகோல் மட்டும் சும்மா ஆடும். எவ்வளவு வேண்டுமோ அவ்வளவுதான் போகும். இதை யோசித்தவர் நல்ல புத்திசாலி.

ஒரு கணக்கு: இன்ஜின் இரண்டு சுற்று சுற்றினால் கேம் ஷாஃப்ட் ஒரு சுற்று சுற்றும். இன்ஜின் நிமிடத்துக்கு 1500 சுற்று ஓடினால் நெம்புகோல் நிமிடத்துக்கு 750 தடவை ஆடும். ஒரு மணி நேரத்தில் 45,000 தடவை. எட்டு மணி நேரம் உழுதால் 3,60,000 தடவை! ரப்பர் ஒரு நாள் விரிசல் விடாமல் என்ன செய்யும்?

டயாபிரம் கிழிந்தால் என்ன ஆகும்?

இரண்டு கெடுதல் நடக்கும்.

முதலாவது, டீசல் போதாது. எங்கள் டிராக்டரில் டேங்க் இன்ஜினுக்கு மேலே இருக்கிறது. அதனால் பம்ப் செத்துப்போனாலும் டீசல் தானாக இறங்கி வால்வுகள் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாகப் போகும். ரோட்டில் சும்மா ஓட அது போதும். சேற்றில் பாரம் இழுக்கும்போது டீசல் நிறைய வேண்டும், அப்போது பற்றாமல் நிற்கும். கொஞ்ச நேரம் விட்டால் ஃபில்டர் மறுபடி நிறையும், ஸ்டார்ட் ஆகும். டேங்க் நிறைய இருந்தால் அழுத்தம் அதிகம், அதனால் தேவலாம். மாமா முதலில் கேட்ட கேள்விக்கு அர்த்தம் இப்போது புரிகிறதா?

இரண்டாவது கெடுதல்தான் பெரிய கெடுதல். பம்பின் அடிப்பாகம் இன்ஜினுக்குள் திறந்திருக்கிறது. விரிசல் வழியாக இறங்கும் டீசல் இன்ஜின் ஆயிலில் கலந்துவிடும். டேப்பை மூடாமல் விட்டால் ராத்திரி முழுக்க இறங்கும். ஆயில் அளவு கூடும், ஆயிலின் பிசுபிசுப்பு போய்விடும். பேரிங்குகளுக்கு நடுவில் ஆயில் ஒரு படலமாக நின்றால்தான் இரும்பும் இரும்பும் உரசாது. தண்ணியான ஆயில் அந்த வேலையைச் செய்யாது. ஆயில் ரொம்ப ஏறிவிட்டால் இன்ஜின் அந்த ஆயிலையே இழுத்து எரித்து, ஸ்டாப் கம்பியை இழுத்தாலும் நிற்காமல் ஓடும் ஆபத்தும் உண்டு.

எப்படிக் கண்டுபிடிப்பது?

"எடுத்த எடுப்புல பம்பை மாத்தக் கூடாது. செலவில்லாததை முதல்ல பாக்கணும்" என்றார்கள் மாமா. வரிசையாகப் பார்த்தோம்.

1. டேங்க் மூடி: மூடியில் காற்று போக ஒரு சின்ன ஓட்டை உண்டு. அது அடைத்தால் உள்ளே வெற்றிடம் ஏற்பட்டு டீசல் இறங்காது. வண்டி நின்றதும் மூடியைத் திறந்தால் 'உஸ்' என்று சத்தம் வந்து, பிறகு நன்றாக ஓடினால் மூடிதான் குற்றவாளி. எங்கள் மூடி சரியாக இருந்தது.

2. டேப்பும் வலையும்: பம்புக்கு வரும் குழாயைக் கழற்றி டேப்பைத் திறந்தால் டீசல் தாராளமாக விழ வேண்டும். நூல் போல விழுந்தால் டேப் அல்லது வலையில் குப்பை. எங்களுக்குத் தாராளமாக விழுந்தது.

3. ஃபில்டர்: கடைசியாக எப்போது மாற்றியது, தண்ணீர் தங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எங்களுடையது உழவு தொடங்கும்போதுதான் மாற்றியது.

4. காற்று: ஏர் ஸ்குரூவைத் தளர்த்திக் கைப்பம்ப் அடித்தால் முதலில் குமிழி வரும், பிறகு டீசல் மட்டும் வர வேண்டும். எவ்வளவு அடித்தும் குமிழி நிற்கவில்லை என்றால் பம்புக்கு முன்னால் எங்கோ காற்று நுழைகிறது. வாஷர், ரப்பர் குழாய், நட்டு எல்லாம் பார்க்க வேண்டும்.

5. கைப்பம்ப் நெம்பு: ஃபீட் பம்பிலேயே கையால் அடிக்க ஒரு சின்ன நெம்பு இருக்கும். நல்ல பம்பில் அடித்தால் கைக்கு ஒரு இறுக்கம் தெரியும். எங்களுடையது தொளதொள என்று ஆடியது. நான் உடனே "பம்ப் போச்சு" என்றேன். மாமா, "அவசரப்படாத. இன்ஜின் நிக்கும்போது கேம் புடைப்பு நெம்புகோலைத் தள்ளிக்கிட்டு நின்னிருந்தா நல்ல பம்பும் இப்படித்தான் ஆடும்" என்று சொல்லி, இன்ஜினை ஒரு முழுச் சுற்று சுற்றிவிட்டுத் திரும்ப அடிக்கச் சொன்னார்கள். அப்போதும் தொளதொளதான்.

6. துடிப்புச் சோதனை: இதுதான் கடைசித் தீர்ப்பு. பம்பிலிருந்து ஃபில்டருக்குப் போகும் குழாயைக் கழற்றி, வாயில் ஒரு பாட்டிலைப் பிடிக்க வேண்டும். ஸ்டாப் கம்பியை இழுத்து வைத்துவிட்டு (இல்லாவிட்டால் இன்ஜின் ஸ்டார்ட் ஆகிவிடும்) செல்ஃப் அடிக்க வேண்டும். நல்ல பம்ப் என்றால் இன்ஜின் இரண்டு சுற்றுக்கு ஒரு தடவை 'சர், சர்' என்று பீய்ச்சும். எங்கள் பம்பில் டீசல் வந்தது, ஆனால் ஒரே மாதிரி ஒழுகியது. "வருதே மாமா!" என்றேன். "ஒழுகுது. துடிக்குதா?" என்றார்கள். துடிக்கவில்லை. டேங்க் மேலே இருப்பதால் தானாக இறங்கும் டீசல்தான் அது.

ஆயிலில் டீசல், நெம்பில் இறுக்கம் இல்லை, குழாயில் துடிப்பு இல்லை. மூன்று சாட்சியும் ஒரே ஆளைத்தான் காட்டின.

மாற்றிய முறை

பம்பை மாற்றியது மாமாவும் அப்பாவும். நான் சாமான் எடுத்துக் கொடுத்தேன், நோட்டில் எழுதினேன். பக்கத்து வீட்டுத் தாத்தா, "பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு இந்தக் கரி வேலை?" என்றார். "ஆயில் பாக்குறது அவதானே தாத்தா, அவளுக்குத்தான் முதல்ல தெரியணும்" என்று மாமா சொல்லிவிட்டார்கள்.

1. வண்டியைச் சமமான இடத்தில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கல் வைத்தோம். இன்ஜின் ஆறும் வரை காத்திருந்தோம். பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றினோம். பீடி, தீப்பெட்டி பக்கத்தில் வரக் கூடாது.

2. டேப்பை மூடி, பம்பைச் சுற்றியிருந்த மண்ணை எல்லாம் துடைத்தோம். ஒரு மணல் துகள் உள்ளே போனாலும் நாசில் வரை போய்க் கெடுக்கும்.

3. குழாய் நட்டைக் கழற்றும்போது ஒரு ஸ்பானரால் பம்பு வாயைப் பிடித்துக்கொண்டு, இன்னொன்றால் நட்டைத் திருப்ப வேண்டும். இல்லாவிட்டால் குழாய் முறுக்கிக்கொள்ளும். கழற்றிய குழாய் வாயைச் சுத்தமான பாலிதீன் கவரால் கட்டினோம்.

4. நெம்புகோல் மேல் அழுத்தம் இல்லாதபடி இன்ஜினைக் கொஞ்சம் சுற்றி வைத்தோம். பிறகு பம்பைப் பிடித்திருக்கும் நட்டுகளை மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தி எடுத்தோம்.

5. பழைய பேக்கிங்கைச் சுரண்டும்போது தூள் உள்ளே விழாமல் இருக்கத் துணி அடைத்தோம். (அந்தத் துணியை மறக்காமல் எடுக்க வேண்டும்! 'துணி எடுத்தாச்சா?' என்று நோட்டில் பெரிதாக எழுதி வைத்தேன்.)

6. புதுப் பம்பையும் பழைய பம்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். நெம்புகோலின் நீளம், வளைவு, ஓட்டைகளின் இடம், டீசல் வரும் வாய், போகும் வாய் எல்லாம் ஒன்றாக இருக்க வேண்டும். கடைக்காரர் முதலில் கொடுத்ததில் நெம்புகோல் வளைவு வேறு மாதிரி இருந்தது. அப்பா திரும்பப் போய் மாற்றி வந்தார்கள்.

7. புதுப் பேக்கிங் அதே கனத்தில் இருக்க வேண்டும். தடிப்பாக இருந்தால் பம்ப் விலகி உட்காரும், நெம்புகோல் முழுதாக நகராது.

8. நெம்புகோல் கேம் மேல் சரியாக உட்கார்ந்ததா என்று கையால் அழுத்திப் பார்த்த பிறகுதான் நட்டு போட வேண்டும். சரியாக உட்காராமல் நட்டை முடுக்கினால் நெம்புகோல் உடையும். நட்டுகளை மாற்றி மாற்றிச் சமமாக முடுக்கினோம். குழாய்களுக்குப் புது வாஷர் போட்டோம்.

9. கெட்ட ஆயிலை முழுவதும் இறக்கி, ஆயில் ஃபில்டரையும் மாற்றி, புது ஆயில் மேல் கோடு வரை ஊற்றினோம். பம்பை மட்டும் மாற்றிவிட்டுப் பழைய ஆயிலோடு ஓட்டினால் வேலை செய்தும் பயன் இல்லை. இறக்கிய ஆயிலை வாய்க்காலில் ஊற்றவில்லை. கேனில் மூடி வைத்துப் பழைய ஆயில் வாங்குபவரிடம் கொடுத்தோம்.

10. ஏர் எடுப்பது: டேப்பைத் திறந்து, கைநெம்பை அடித்துக்கொண்டே முதல் ஃபில்டர், இரண்டாவது ஃபில்டர், பெரிய பம்ப் என்ற வரிசையில் ஸ்குரூவைத் தளர்த்தி, குமிழி நின்றதும் முடுக்க வேண்டும். கடைசியில் நாசில் நட்டுகளைச் சிறிது தளர்த்தி, செல்ஃப் அடித்து, டீசல் வந்ததும் முடுக்க வேண்டும். கைநெம்பை நான்தான் அடித்தேன். புதுப் பம்பின் இறுக்கம் கையில் தெரிந்தது!

இரண்டாவது தடவை செல்ஃப் அடித்ததும் வண்டி பிடித்துக்கொண்டது. கால் மணி நேரம் மெதுவாக ஓடவிட்டு, ஒழுகல் இருக்கிறதா, ஆயில் பிரஷர் வருகிறதா என்று பார்த்தோம்.

பழைய பம்பை மாமா பிரித்துக் காட்டினார்கள். டயாபிரத்தின் ஓரத்தில் என் சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு விரிசல். அவ்வளவுதான்! பம்ப், ஆயில், ஃபில்டர், வாஷர் எல்லாம் சேர்த்து நாலாயிரத்துக்குள் முடிந்தது.

ஆனாலும் மாமா ஒன்று சொன்னார்கள்: "டீசல் ஆயில்ல கலக்குறதுக்கு வேற காரணமும் உண்டு. பெரிய பம்போட சீல் போனாலும், நாசில் ஒழுகினாலும் கலக்கும். அதனால ஒரு வாரம் தினம் ஆயிலை அளந்து எழுது. கூடலைன்னா நாம கண்டுபிடிச்சது சரி." ஏழு நாளும் தேதி போட்டு எழுதினேன். கூடவில்லை. எட்டாம் நாள்தான் எனக்கு நிம்மதியாகத் தூக்கம் வந்தது.

ஆறு வயல்களில் ஐந்தை அப்பா தண்ணீர் முறை மாறுவதற்குள் உழுது கொடுத்துவிட்டார்கள். ஒருவர் மட்டும் காத்திருக்காமல் வேறு வண்டியை வைத்துக்கொண்டார். அம்மாவின் தோடு அம்மா காதிலேயே இருக்கிறது.

கவனிக்க வேண்டியவை

* ஓடும் இன்ஜினில் நாசில் பக்கம் கை வைக்காதீர்கள். அந்த அழுத்தத்தில் வரும் டீசல் தோலைக் கிழித்து உள்ளே போய்விடும். அப்படி ஆனால் காயம் சிறியதாகத் தெரிந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

* டியூப் வைத்து வாயால் டீசலை உறிஞ்சி எடுக்காதீர்கள். நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து.

* செல்ஃபை ஒரே மூச்சில் அடிக்காதீர்கள். பத்துப் பதினைந்து வினாடி அடித்தால் கொஞ்சம் ஆறவிட்டு அடிக்க வேண்டும்.

* கேஜ் கம்பியில் ஆயில் குறைந்தாலும் சொல்லுங்கள், கூடினாலும் சொல்லுங்கள்.

* பெரியவர்கள் இல்லாமல் நாமாக எதையும் கழற்றக் கூடாது. பெட்ரோல் வண்டி என்றால் பக்கத்திலேயே போக வேண்டாம். பெட்ரோல் ஆவி நம் ஊர் வெயிலில் ஒரு சின்னப் பொறிக்கே பற்றிவிடும்.

உங்களுக்குத் தெரியுமா?

* டீசல் இன்ஜினைக் கண்டுபிடித்த ருடால்ஃப் டீசல் 1858-ஆம் ஆண்டு பாரிஸ் நகரில் பிறந்த ஜெர்மானியர். அவருடைய இன்ஜின் 1897-ஆம் ஆண்டு ஜெர்மனியில் ஆக்ஸ்பர்க் நகரில் வெற்றிகரமாக ஓடிக் காட்டியது. டீசல் என்பது எண்ணெய்க்கு வந்த அவருடைய பெயர்தான்!

* ராபர்ட் பாஷ் நிறுவனம் 1927-இல் டீசல் பம்புகளை அதிக அளவில் தயாரிக்கத் தொடங்கியது. அதன் பிறகுதான் லாரி, டிராக்டர் போன்ற வண்டிகளுக்கு டீசல் இன்ஜின் வேகமாகப் பரவியது.

* கார்புரேட்டர் வைத்த பழைய மாருதி 800 காரிலும் இதே போல டயாபிரம் பம்ப்தான் இருந்தது. புதிய பெட்ரோல் கார்களில் மின்சார பம்ப் டேங்குக்குள்ளேயே மூழ்கி இருக்கிறது. சுற்றியிருக்கும் பெட்ரோல்தான் அதைக் குளிர வைக்கிறது. அதனால் டேங்கை அடிக்கடி காலியாக விடக் கூடாது என்று சொல்கிறார்கள்.

சிந்திக்கச் சில வினாக்கள்

1. டேங்க் இன்ஜினுக்குக் கீழே இருக்கும் வண்டியில் டயாபிரம் முழுவதும் கிழிந்தால் வண்டி ரோட்டில் சும்மாவாவது ஓடுமா?

2. இன்ஜின் நிமிடத்துக்கு 1200 சுற்று ஓடினால் ஃபீட் பம்பின் நெம்புகோல் ஒரு வினாடிக்கு எத்தனை தடவை ஆடும்?

3. ஏர் எடுத்ததும் வண்டி கொஞ்ச நேரம் ஓடியது. அதனால் பம்ப் நல்லது என்று சொல்லலாமா?

விடைகளை ஒரு தாளில் எழுதி, வகுப்பும் பெயரும் குறித்து, அறிவியல் ஆசிரியரிடம் கொடுங்கள். சரியான விடைகளை அடுத்த இதழில் எழுதுகிறேன்.

முடிவாக ஒன்று. குறைந்தால் மட்டும் கேள்வி கேட்கிறோம், கூடினால் சந்தோஷப்பட்டு விட்டுவிடுகிறோம். காரணம் தெரியாமல் எது கூடினாலும் ஏன் என்று கேட்க வேண்டும். அறிவியல் என்பது அந்த 'ஏன்'தான். இப்போது எங்கள் வீட்டு டிராக்டருக்கு ஒரு தனி நோட்டு போட்டிருக்கிறேன். தேதி, ஆயில் அளவு, டீசல் ஊற்றியது, ஓடிய மணி எல்லாம் எழுதுகிறேன். முதல் பக்கத்தில் பத்து நாள் காலியாக விட்டிருக்கிறேன். அவை நான் பார்த்தும் எழுதாமல் விட்ட பத்து நாட்கள்.